ஐந்து மைல் ஓட்டக்காரரும் அவர் எழுப்பிய தொழிற்சங்க வானொலியும்

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் மோ ஃபரா 10,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றதை இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். தடைகள் இல்லாத நெடுந்தூரத் தடகள ஓட்டத்தில் அவருக்கு முன்பு தனிநபர் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் யார் என்று தேடினால், 104 ஆண்டுகள் பின்னோக்கிப் போய் 1908ஆம் ஆண்டின் அதே லண்டனில்தான் நிற்க வேண்டும். அங்கே நமக்குக் கிடைக்கும் பெயர் எமில் வோய்ட். விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். தொழிலாளர் இயக்க வரலாறு எழுதுகிறவர்களும் இன்னோர் இடத்தில், ஏறத்தாழ அதே அளவில், ஒரு வரியில்தான் குறிப்பிடுகிறார்கள். இந்த இரண்டு வரிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பதிவை எழுத எனக்குள்ள காரணம்.

பணிக்காலம் முழுவதும் தொழிற்சங்கப் பொறுப்புகளில் இருந்தவன் என்ற முறையிலும், ஓய்வு பெற்ற பின்னும் விடியற்காலையில் ஓடுவதை விடாதவன் என்ற முறையிலும் வோய்டின் வாழ்க்கை என்னை நெடுநாளாக ஈர்த்து வந்திருக்கிறது. ஓடியதற்குக் கூலி வாங்கினால் ஆட்டத்திலிருந்தே விலக்கிவிடும் விதிகளுக்குக் கட்டுப்பட்டு உலகத்தின் உச்சியைத் தொட்ட ஒருவர், பிற்காலத்தில் உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்கும் அமைப்புகளுக்காகத் தம் அறிவையும் ஆற்றலையும் செலவிட்டார். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். ஆகவே அந்த விதிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிலாந்தில் தடகளப் போட்டிகளை முறைப்படுத்தத் தொடங்கிய 1860களில், 'அமெச்சூர்', அதாவது பணத்துக்காக அல்லாமல் விளையாடுபவர், யார் என்பதற்குக் கனவான்கள் ஒரு வரையறை எழுதினார்கள். பரிசுப் பணத்துக்காக ஓடியவர் அமெச்சூர் அல்ல என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. இயந்திரப் பணியாளர், கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரும் அமெச்சூர் அல்லர் என்று சேர்த்து எழுதினார்கள். அதாவது ஒருவர் பணம் வாங்கினாரா இல்லையா என்பதே கேள்வியாக இல்லை; அவர் கையால் உழைத்துப் பிழைக்கிறவர் என்பதே அவரை விலக்கி வைக்கப் போதுமானதாக இருந்தது. 1880இல் ஆக்ஸ்போர்டில் அமெச்சூர் தடகளச் சங்கம் தோன்றியபோதுதான் ஓட்டப் போட்டிகளில் இந்த விலக்கு நீக்கப்பட்டது. படகுப் போட்டிக்குப் பெயர் பெற்ற ஹென்லியில் 1930களின் பிற்பகுதி வரை அது நீடித்தது. பிறப்பையும் தொழிலையும் காட்டி மனிதரை வாசலில் நிறுத்தும் வழக்கத்தை நன்றாக அறிந்த நமக்கு இந்த விதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விலக்கு போன பின்பும் பணத்தின் கேள்வி அப்படியே இருந்தது. நிலமும் வாடகை வருமானமும் உள்ளவர் ஒரு வாரம் விடுப்பெடுத்துப் போட்டிக்குப் போனால் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. ஆலைத் தொழிலாளி போனால் அந்த வாரக் கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டுவதற்குக்கூட யாரும் அவருக்குப் பணம் தரக் கூடாது என்றது அமெச்சூர் விதி. வட இங்கிலாந்தின் ரக்பி அணிகள் இதே கேள்விக்காகத்தான் 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்து போயின. ஓட்டத்தில் அப்படி ஒரு பிளவு ஏற்படவில்லை. மாறாக, தனி மனிதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சசெக்ஸ் கிராமத்திலிருந்து வந்து நெடுந்தூர ஓட்டத்தில் உலக சாதனைகளைக் குவித்த ஆல்ஃபிரட் ஷ்ரப், பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1908 போட்டிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அமெச்சூர் களத்திலிருந்து விலக்கப்பட்டார். தம் காலத்தின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் தம் நாட்டிலேயே நடந்த ஒலிம்பிக்கில் ஓட முடியாமல் போனது இப்படித்தான்.

அந்தச் சூழலில்தான் வோய்ட் ஓடினார். 1883 ஜனவரி 31 அன்று மான்செஸ்டரில், ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். பருத்தி ஆலைகளின் தலைநகரமாக விளங்கிய மான்செஸ்டர், கூட்டுறவு இயக்கத்துக்கும் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்துக்கும் சோஷலிசப் பத்திரிகைகளுக்கும் தாய்வீடாகவும் இருந்தது. தாவர உணவு இயக்கத்துக்கும் அந்த நகரமே மையம். வோய்ட் புலால் உண்ணாதவர். மாட்டிறைச்சி உண்ணாதவனுக்கு உடலில் வலு இராது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. சைவ உணவில் வளர்ந்தவர்கள் நிறைந்த நம் ஊரில் இது ஒரு செய்தியே அல்ல. எட்வர்ட் மன்னர் காலத்து இங்கிலாந்தில் அது ஊர் வழக்கத்தை எதிர்த்து நிற்கும் செயல். பெரும்பான்மையினர் சிரித்தாலும் தாம் சரியென்று கண்டதை விடாத அந்தப் பிடிவாதம் பிற்காலத்தில் தொழிற்சங்கத்துக்கும் பயன்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

1908 ஒலிம்பிக்குக்காக லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் கட்டப்பட்ட 'ஒயிட் சிட்டி' அரங்கில் ஓடுபாதை இன்றைய 400 மீட்டர் பாதையைப் போன்றது அல்ல. மூன்று சுற்றுக்கு ஒரு மைல் என்ற கணக்கில், ஒரு சுற்று ஏறத்தாழ 536 மீட்டர் இருந்தது. ஐந்து மைல் என்றால் 15 சுற்று. தகுதிச் சுற்றிலேயே வோய்டின் உள்ளங்கால் வளைவில் தசை கிழிந்துவிட்டது. ஓடுகிறவர்களுக்கு இந்தக் காயம் என்னவென்று தெரியும். குதிகாலிலோ கணுக்காலிலோ வலித்தால் பாதத்தைச் சற்றுத் திருப்பி வைத்துச் சமாளிக்கலாம். உள்ளங்கால் வளைவில் வலித்தால் எப்படி மிதித்தாலும் தப்ப முடியாது, ஏனென்றால் உடலின் எடை முழுவதும் ஒவ்வோர் அடியிலும் அந்த வளைவின் மேல் இறங்கித்தான் அடுத்த அடிக்கு எழும்புகிறது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவது போலிருக்கும் அந்த வலி எனக்குப் பழக்கமானது. அதோடு மாடிப்படி ஏறுவதற்கே தயங்குவேன். வோய்ட் அந்த வளைவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஜூலை 18 அன்று, நிலக்கரிச் சாம்பல் பரப்பிய பாதையில் ஆணிக் காலணியுடன் இறுதிப் போட்டிக்கு நின்றார்.

அவர் எடுத்துக்கொண்ட நேரம் 25 நிமிடம் 11.2 விநாடி. சராசரியாக ஒரு மைலுக்கு 5 நிமிடம் 2 விநாடி. இன்றைய கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 விநாடி. அதே வேகத்தில் 15 சுற்றுகள். இரண்டாவதாக வந்த சக பிரிட்டன் வீரர் எட்வர்ட் ஓவன் ஏறத்தாழ 13 விநாடி பின்தங்கி, எழுபது கஜ தூரத்துக்கு அப்பால் வந்து சேர்ந்தார். மூன்றாமிடம் ஸ்வீடனின் ஜான் ஸ்வான்பெர்க். அடுத்த ஒலிம்பிக்கில் ஐந்து மைல் போட்டியை எடுத்துவிட்டு 5,000, 10,000 மீட்டர் போட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அதனால் வோய்ட் வென்ற பட்டத்தை வேறு எவரும் வெல்ல வாய்ப்பே இல்லாமல் போனது. அவர் பெயர் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஒலிம்பிக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆறு நாள் கழித்து மாரத்தான் முடிவுக் கோட்டருகே தள்ளாடி விழுந்த இத்தாலியர் டொராண்டோ பியெத்ரியைப் பற்றித்தான் பேசுவார்கள். 1909இல் நான்கு மைலிலும் 1910இல் ஒரு மைலிலும் இங்கிலாந்தின் தேசியப் பட்டங்களை வென்ற வோய்ட், 1911இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்.

அவர் போய் இறங்கிய நாடு, தொழிலாளர்களைப் பொறுத்தவரை, உலகத்துக்கே சோதனைக் களமாக இருந்தது. மெல்போர்னின் கல்தச்சர்கள் 1856லேயே எட்டு மணி நேர வேலையை வென்றிருந்தார்கள். 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ், அறுவடை இயந்திரம் செய்யும் ஓர் ஆலையின் வழக்கில், நாகரிகமான சமூகத்தில் வாழும் ஒரு மனிதனின் இயல்பான தேவைகளே குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் என்று தீர்ப்பளித்து, மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங் என்று வரையறுத்தார். முதலாளிக்குக் கட்டுபடியாகுமா என்பதற்கு முன்னால், தொழிலாளிக்குப் போதுமா என்று ஒரு நீதிமன்றம் கேட்டது. ஊதியக் குழுவின் முன் நின்று வாதாடிய அனுபவம் உள்ள எவருக்கும் இதன் அருமை தெரியும்.

அடுத்த பத்தாண்டுகள் கடுமையானவை. முதல் உலகப் போரில் கட்டாய ராணுவ சேவைக்கு மக்களின் ஒப்புதல் கேட்டு 1916இலும் 1917இலும் அரசு இரண்டு முறை வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் தோற்றது. 1917 ஆகஸ்டில் சிட்னியின் ரயில், டிராம் பணிமனைகளில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பதிவு செய்யும் அட்டைகளைப் புகுத்தியதை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் பொது வேலைநிறுத்தமாக விரிந்து, தொழிலாளர் தோல்வியில் முடிந்தது. சங்கங்கள் சிதறின, திரும்பி வந்தவர்கள் பணி மூப்பை இழந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தின்போது நாளேடுகள் பெரும்பாலும் அரசின் குரலாகவே இருந்தன. தங்கள் தரப்பு என்ன என்பதை நகரத்து மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவி எதுவும் தொழிலாளர் கையில் இல்லை. வோய்டின் பங்களிப்பை இந்தக் குறையின் பின்னணியில்தான் நான் பார்க்கிறேன்.

முதலில் அவர் ஈடுபட்டது ஆய்வுப் பணியில். நியூ சவுத் வேல்ஸ் தொழிற்சங்கங்களின் கூட்டு மன்றமான லேபர் கவுன்சிலின் சார்பில் இயங்கிய ஆய்வு, தகவல் பிரிவில் அவர் பணியாற்றினார். மேடைப் பேச்சாளர்களையே தலைவர்களாகக் காணும் நம் பழக்கத்தில், ஆய்வுப் பிரிவு என்றால் எழுத்தர் வேலை என்று தோன்றலாம். அப்படியல்ல என்பதை நான் அனுபவத்தில் கண்டவன். அகவிலைப்படி கணக்கிடும் விலைவாசிக் குறியீட்டெண்ணில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள், வீட்டு வாடகையை எந்த ஊரில் எப்படிக் கணக்கெடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகும் தோழர் ஒருவர், ஆயிரம் பேர் திரண்ட ஆர்ப்பாட்டத்தால் அசைக்க முடியாததைச் சில சமயம் ஒரு தாளை நீட்டி அசைத்துவிடுவார். வோய்ட் இருந்த ஆஸ்திரேலியாவில் இதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. அரசு அமைத்த பிட்டிங்டன் விசாரணைக் குழு, 1920இல், ஒரு குடும்பம் முறையாக வாழ வாரத்துக்கு ஏறத்தாழ 5 பவுண்டு 16 ஷில்லிங் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னது. நடப்பில் இருந்த அடிப்படைக் கூலி அதைவிட மிகக் குறைவு. தேசம் தாங்காது என்று சொல்லி அரசு அந்தக் கணக்கை ஒதுக்கி வைத்தது. 1920களின் தொடக்கத்தில், விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு ஏற்ப மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூலி தானாகவே மாறும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. நம் அகவிலைப்படிக்கு அது மூத்த உறவு. எண்களைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத சங்கம் அந்த மன்றத்தில் வாயற்ற சங்கம்.

எண்களைச் சேகரித்தால் மட்டும் போதாது, அவை வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற இடத்தில்தான் வானொலி வருகிறது.

அமெரிக்காவில் வானொலி பரவிய வேகத்தை வோய்ட் நேரில் கண்டு திரும்பியிருந்தார். ஆஸ்திரேலியாவில் அது அப்போது தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. 1923இல் அங்கே கொண்டுவந்த திட்டத்தின்படி, ஒரு நிலையத்துக்குச் சந்தா கட்டினால் அந்த ஒரே நிலையத்தை மட்டும் கேட்கும்படி முத்திரையிட்ட வானொலிப் பெட்டி கிடைக்கும். சுமார் 1,400 பேர்தான் அதில் சேர்ந்தார்கள். 1924இல் அரசு முறையை மாற்றியது. கேட்பவர்களின் உரிமக் கட்டணத்தில் நடக்கும் நிலையங்கள் 'ஏ' வகுப்பு. அந்தப் பணத்தில் பங்கு இல்லாமல், விளம்பரத்தாலோ சொந்த முயற்சியாலோ பிழைத்துக்கொள்ள வேண்டிய நிலையங்கள் 'பி' வகுப்பு. இந்தப் 'பி' வகுப்பு என்னும் சிறு கதவு திறந்திருப்பதை வோய்ட் கண்டார். பெருங்கடைகளும் வானொலிப் பெட்டி விற்பவர்களும் அதன் வழியே நுழைந்தபோது, தொழிற்சங்கங்களும் ஏன் நுழையக் கூடாது என்று கேட்டார்.

அப்போது லேபர் கவுன்சிலின் செயலாளர் ஜாக் கார்டன். ஸ்காட்லாந்தில் பிறந்து, மதபோதகராக இருந்து, 1920இல் ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவரானவர். கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர். கார்டனின் ஆதரவும் வோய்டின் திட்டமும் சேர்ந்து 2கேஒய் என்ற நிலையம் உருவானது. 2 என்ற எண் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைக் குறிக்கும். 1925 அக்டோபர் 31 அன்று, சிட்னி கோல்பர்ன் தெருவில் தொழிற்சங்கங்களின் தலைமையிடமாக இருந்த 'டிரேட்ஸ் ஹால்' கட்டடத்திலிருந்து அது ஒலிக்கத் தொடங்கியது. சிகாகோ தொழிற்சங்கங்கள் டபிள்யூசிஎஃப்எல் என்ற நிலையத்தைத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. தொழிலாளர்கள் தாங்களே உடைமையாளர்களாக நடத்திய வானொலிகளில் சிட்னியின் நிலையமே உலகில் முதலாவது என்று சொல்லப்படுவது இதனால்தான்.

அந்தத் தேதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் கப்பல் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தத்தால் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் கப்பல்கள் தேங்கி நின்றன. பிரதமர் புரூஸ், கடலோடிகள் சங்கத் தலைவர்கள் டாம் வால்ஷையும் ஜேக்கப் ஜான்சனையும் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்று காட்டி நாடு கடத்துவதற்குச் சட்டம் செய்திருந்தார். வால்ஷின் மனைவி அடீலா, பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் பாங்க்ஹர்ஸ்ட் குடும்பத்து மகள்; வோய்டைப் போலவே மான்செஸ்டரில் பிறந்தவர். சட்டம் ஒழுங்கையே முழக்கமாக்கி புரூஸ் தேர்தலை அறிவித்தார். வானொலி தொடங்கி இரண்டு வாரத்தில், நவம்பர் 14 அன்று, அந்தத் தேர்தல் நடந்தது. எல்லோரும் வாக்களிப்பது கட்டாயம் என்று சட்டம் வந்தபின் நாடு முழுவதற்கும் நடந்த முதல் தேர்தல் அது. கூட்டத்துக்கு வராதவரும், செய்தித்தாள் வாங்காதவரும், வீட்டு வேலையில் மூழ்கிய தாய்மாரும் வாக்குச்சாவடிக்கு வந்தே தீர வேண்டும். அவர்களிடம் பேச மேடை போதாது என்பது அப்போது பலருக்கும் புரிந்திருக்கும். அதற்கான கருவியோடு தயாராக நின்றவர் வோய்ட். தேர்தலில் புரூஸ் வென்றார். வால்ஷும் ஜான்சனும் கைது செய்யப்பட்டு, டிசம்பரில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு தேர்தலில் ஒரு வானொலி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல் அந்த நகரத்தில் தொழிலாளர் தரப்பு தன் சொந்தக் குரலில், பிறர் வெட்டித் திருத்தாமல், பேசத் தொடங்கியது.

வீடு என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் சங்கத்தில் சுற்றறிக்கை தயாரிக்கும் வேலை பல காலம் என்னிடம் இருந்தது. மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, பிழைக்குச் சிவப்புத் திரவம் தடவி, அது உலரும்வரை ஊதி, சைக்ளோஸ்டைல் எந்திரத்தின் உருளையில் சுருக்கம் விழாமல் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் முதல் பத்துத் தாள் மையாய் அப்பியும், கடைசித் தாள்கள் வெளிறியும் வரும். விடிவதற்குள் கட்டுக்கட்டாகப் பிரித்து, காலை வாயிற்கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். அத்தனை பாடும் பட்டு அச்சிட்ட தாள் வேலைத்தலத்தின் வாசலைத் தாண்டுவது அபூர்வம். தோழர்கள் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். வேலைநிறுத்த நாட்களில், ஏன் சம்பளம் பிடிக்கிறார்கள், எதற்காக இந்தப் போராட்டம் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'பொதுமக்கள் அவதி' என்ற தலைப்பைத்தான் அவர்கள் படிப்பார்கள். போராட்டம் தளர்வது பல சமயம் வாயிலில் அல்ல, அடுக்களையில்தான். எத்தனையோ கிளைக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசியும் எங்களுக்கு வழி தெரியவில்லை. 1925லேயே ஒருவர் அந்த வழியைக் கண்டு, கம்பத்தை நட்டு, ஒலிபரப்பியும் காட்டியிருக்கிறார் என்று முதன்முதலாக அறிந்தபோது, எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்ற ஆதங்கமே மேலோங்கியது.

இங்கே நம் சென்னையோடு உள்ள ஒரு தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். 2கேஒய் தொடங்கிய மறு ஆண்டு, 1926இல், சிட்னியில் 2ஜிபி என்ற இன்னொரு 'பி' வகுப்பு நிலையம் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் ஆஸ்திரேலிய அன்பர்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்த பி. பி. வாடியாவும் அதே அடையாற்றுச் சபையைச் சேர்ந்தவர்தான். நம் ஊரில் அந்தச் சங்கத்துக்குக் குரலாக நின்றது திரு.வி.க.வின் பேனா. வானொலி இந்தியாவில் பின்னர் அரசின் கையிலேயே இருந்துவிட்டதால், சங்கம் ஒன்று தன் சொந்த அலைவரிசையில் பேசும் வாய்ப்பு நம் முன்னோடிகளுக்குக் கிடைக்கவே இல்லை.

வோய்டின் வானொலி முழு நேரமும் கொள்கை முழங்கிய நிலையம் அல்ல. இசை, விளையாட்டு, குதிரைப் பந்தயம், வணிக விளம்பரம் எல்லாம் அதில் இருந்தன. சோப்பு விற்பவரின் காசில் சோஷலிசம் பேசுவதா என்று கேட்ட தோழர்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் வோய்டின் பக்கம்தான். 'பி' வகுப்பு நிலையத்துக்கு உரிமக் கட்டணத்தில் பங்கு இல்லை. சங்கச் சந்தாவை மட்டும் நம்பினால், முதல் நீண்ட வேலைநிறுத்தத்தில் சந்தா நின்றதும் நிலையமும் நின்றிருக்கும். அதாவது எப்போது அது மிகவும் தேவையோ அப்போதே வாயடைத்துப் போயிருக்கும். மேலும், மாலை முழுவதும் உரைகளை மட்டும் ஒலிபரப்பினால் ஏற்கெனவே சங்கத்தில் இருப்பவர் மட்டுமே கேட்பார். பாட்டுக் கேட்க வந்தவர் காதில் பாட்டுக்கு நடுவே கூலிக் கணக்கும் விழுவதுதான் இதில் உள்ள பயன். காசு கலந்தால் கறை படிந்தது என்ற அமெச்சூர் விதியின் கொடுமையைத் தடகளத்தில் கண்டவர், அதே விதியைத் தொழிலாளர் இயக்கத்துக்குள் கொண்டுவர மறுத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆட்சியாளர்கள் அந்தக் குரலை அற்பமாகக் கருதவில்லை என்பதற்கு 1938 டிசம்பர் சான்று. அரசின் கொள்கையை விமர்சித்த உரைகளுக்காக, அஞ்சல்துறை அமைச்சர் ஆர்ச்சி கேமரன் 2கேஒய் நிலையத்தை மூட உத்தரவிட்டார். அதே வாரங்களில்தான், சீனாவின் மேல் போர் தொடுத்திருந்த ஜப்பானுக்குக் கச்சா இரும்பு ஏற்ற மாட்டோம் என்று போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்து நின்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும் நிலையத்துக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. பத்திரிகை நிறுவனங்களின் கையில் இருந்த நிலையங்களுக்கு வராத ஆபத்து இதற்கு வந்தது என்பதே, அது யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இந்த முன்மாதிரி அங்கேயே நிற்கவில்லை. மெல்போர்னில் 1930இல் தொழிலாளர் தரப்பின் 3கேஇசட் வந்தது. 2கேஒய் மட்டும் 76 ஆண்டுகள் தொழிற்சங்கங்களின் உடைமையாக இருந்து, 2001இல் பந்தய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இப்போது அது வேறு பெயரில் பந்தயமும் விளையாட்டும் ஒலிபரப்புகிறது. விற்ற பணம் சங்கங்களுக்குப் பயன்பட்டிருக்கும். அன்றைய பொறுப்பாளர்களுக்கு அவர்களுடைய நியாயங்கள் இருந்திருக்கும். ஆனால் நிலையம் பந்தயத்துக்கே பெயர் பெற்றதாக மாறிப் பல காலம் ஆன பின் அதை விற்பது எளிதாகிவிட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பந்தயம் இருந்தது தவறன்று. பந்தயத்துக்கு நடுவே பேச வேண்டிய பேச்சு குறைந்துகொண்டே போனதுதான் இழப்பு. கையில் இருந்த கருவியைத் தலைமுறை தோறும் புதிதாகப் பழகாத இயக்கம் அதைக் கைவிடும் நாளில் வலியை உணராது.

வோய்ட் அந்த விற்பனையைப் பார்க்கவில்லை. நியூசிலாந்தில் குடியேறி வாழ்ந்த அவர், 1973 அக்டோபரில், 90 வயதில், ஆக்லாந்தில் காலமானார். சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் அமர்ந்தவரைத்தான் தலைவர் என்று சொல்ல வேண்டுமென்றால் அவருக்கு அந்தச் சொல் பொருந்தாமல் போகலாம். கார்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய நாவன்மையை வியந்து எழுதுகிறார்கள். அந்த நாவுக்குச் சிட்னியின் ஒவ்வொரு தெருவிலும் காது தேடிக்கொடுத்த மனிதரை வானொலி மேலாளர் என்று அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுகிறார்கள். என் கணக்கில் இருவரும் தலைவர்களே. எங்கள் பழைய தோழர்கள் சிலர் இப்போது கைப்பேசியில் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துகிறார்கள், ஓரிருவர் யூடியூபில் ஊதியக் கணக்கை விளக்கிப் பேசுகிறார்கள். அவர்களுக்கு அனுப்புவதற்காகவே வோய்டைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இந்தப் பதிவை இன்றே அவர்களுக்கு அனுப்புகிறேன்.